நிலாவெளியின் உதைபந்துப் பருவம்

நிலாவெளியில் உதைபந்துப் பருவத்தைத் தொடக்கிவைப்பது மணல். மாரி மழை ஓய்ந்து, மைதானத்துப் பள்ளங்களில் தேங்கிய தண்ணீர் வற்றி, மணல் காலுக்கு இறுகியதும் யாரோ ஒருவர் பந்தைக் கொண்டுவந்துவிடுவார். திருகோணமலை நகரிலிருந்து குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் போகும் வீதியில் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வடக்கே இருக்கும் இந்தக் கரையோர ஊருக்கு மழையைத் தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஐப்பசியில் தொடங்கும் மழை தை வரை நின்று பெய்யும். மாசி, பங்குனியில் தரை காயும். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய விளையாட்டுகளோடு ஊர் மைதானம் உயிர் பெறும். ஆனி, ஆடியில் தரையிலிருந்து கடலை நோக்கிக் கச்சான் காற்று பலமாக வீசும்போது பருவம் உச்சத்தை அடையும். உயர அடித்த பந்தை அந்தக் காற்று கடல் பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ஆகவே நாணயச் சுழற்சியில் வென்றவர்கள் எந்தப் பக்கத்தைத் தெரிவுசெய்கிறார்கள் என்பதை வைத்தே ரசிகர்கள் முதற்பாதியின் போக்கைக் கணித்துவிடுவார்கள்.

போட்டிக்கு முதல்நாள் மாலை மைதானத்தில் கோடு போடுவார்கள். தண்ணீர் தெளித்த மணலில் சுண்ணாம்புத் தூள் விழும்போது கிளம்பும் காரமான நெடி, ஊரின் மூத்த ரசிகர்களை ஒரு நொடியில் பல ஆண்டுகள் பின்னே கொண்டுபோய்விடும். இப்போது தூள் பொதியில் வருகிறது. அப்போது சூளைச் சுண்ணாம்பைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் ஏற்றி வந்தார்கள். ஓட்டை போட்ட பால்மா ரின்னில் அதை நிரப்பி, கட்டிய கயிற்றை ஒட்டி ஒருவர் குனிந்தபடியே நடக்க, சிறுவர்கள் பின்னால் போவார்கள். அந்த வேலை கிடைத்த சிறுவனுக்கு அடுத்த நாள் ஆட்டத்தில் பந்து பொறுக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது.

இந்த விளையாட்டு நிலாவெளிக்கு வந்த வழி துறைமுகம். திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளமாக இருந்தது. கப்பல்கள் நங்கூரமிட்டிருந்த நாட்களில் மாலுமிகள் கரையில் இறங்கி உதைபந்து ஆடினார்கள். துறைமுகத்திலும் கப்பற் பட்டறையிலும் சீனக்குடா விமானத் தளத்திலும் வேலை செய்த உள்ளூர்த் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் முதலில் வேடிக்கை பார்த்து, பிறகு ஆள் குறைந்த அணிகளில் இறங்கி, கடைசியில் தங்களுக்கென அணிகள் அமைத்துக்கொண்டார்கள். இலங்கை உதைபந்தாட்டச் சங்கம் 1939இல் உருவாகி, 1952இல் பீஃபாவில் சேர்ந்தது. 1957இல் பிரித்தானியர் தளத்தை இலங்கையிடம் கையளித்துப் போனபோது, விளையாட்டு நகரத்துப் பாடசாலைகளிலும் கழகங்களிலும் வேர்விட்டிருந்தது. நகரத்தில் படித்துவிட்டும் வேலைசெய்துவிட்டும் மாலை பஸ்ஸில் வீடு திரும்பியவர்களோடு அது சாம்பல்தீவு, நிலாவெளி, கோபாலபுரம், இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி என்று வடக்குக் கரை முழுவதும் ஏறியது.

கிராமத்தில் அது வேறு உருவம் எடுத்தது. பூட்ஸ் கிடையாது. வெறுங்காலில் ஆடப் பழகியவர்களுக்கு மணல்தான் ஆசான். மணலில் ஓடியவனின் கால் கெண்டை இறுகும், மூச்சு நீளும். ஆனால் பந்து தரையில் உருளாது. ஆகவே நிலாவெளிப் பொடியன்கள் பந்தைக் காற்றிலேயே வாங்கிக் காற்றிலேயே கொடுக்கும் ஆட்டத்தில் தேர்ந்தார்கள். நகரத்துப் புல்தரையில் அதே ஆட்டத்தை ஆடப்போய்த் தோற்கும்போது, கரையில் நிற்கும் பெரியவர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள்: “தம்பி, பந்தைத் தரையில வச்சு விளையாடு!” எந்தப் பருவத்திலும் ஓயாத கூப்பாடு அது.

தோற்பந்து ஊருக்கு ஒன்றுதான் இருந்தது. அதைக் கழகச் செயலாளரின் வீட்டில் வைத்திருப்பார்கள். உப்புக் காற்றில் தோல் வெடிக்காமல் இருக்கத் தேங்காயெண்ணெய் பூசுவார்கள். உள்ளே இருக்கும் பிளாடருக்குக் காற்றடிக்கச் சைக்கிள் கடைக்குப் போகவேண்டும். ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு உருவம் கெட்ட பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதோடு பழகியவர்களுக்கு மட்டுமே தெரியும். வெளியூர் அணிகள் நிலாவெளிக்கு வந்தால் முதலில் முறையிட்டது பந்தைப் பற்றித்தான். சிறுவர்களுக்கு அந்தப் பந்து கிடையாது. அவர்கள் பழைய துணியை உருட்டி, சைக்கிள் ரியூப்பை வெட்டிய வளையங்களால் இறுக்கிக் கட்டிய பந்தைப் பனை வடலிகளுக்கு நடுவே உதைத்து வளர்ந்தார்கள்.

அணி என்பது ஊரின் வேலை ஒழுங்கோடு பின்னியிருந்தது. நிலாவெளியின் வருமானம் கடலிலிருந்தும் உப்பளத்திலிருந்தும் வயல், தோட்டங்களிலிருந்தும் வந்தது. கடல் அமைதியாகி மீன் படும் மாதங்களும் உதைபந்து மாதங்களும் ஒன்றாகவே வரும். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்யக் கிழக்குக் கரைக்கு வரும் காலமும் அதுவே. இரவுத் தொழிலுக்குப் போன பந்துக்காப்பாளர் பகல் முழுவதும் வலை பொத்திவிட்டு, கண் சிவக்க மைதானத்துக்கு வருவார். கரைவலையில் நல்ல பாடு பட்ட நாளில் பின்வரிசை ஆட்டக்காரர் இருவர் வராமலே போவார்கள். முதற்பாதியில் ஒன்பது பேரோடு ஆடி, வலை இழுத்து முடித்தவர்கள் ஓடிவந்து சேர, இரண்டாம் பாதியில் முழு அணியாகி மூச்சுப் பிடித்த ஆட்டங்களைப் பற்றிய கதைகள் ஊரில் நிறைய உண்டு. ரசிகருக்கு அதில் கோபமும் வராது. கடலில் நிற்பவனின் வீட்டு அடுப்பு எரியவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

நகரத்துக்குப் போய் ஆடும் நாள் ஊருக்குத் திருவிழா நாள். மக்கெய்சர் விளையாட்டரங்கிலோ ஏகாம்பரம் மைதானத்திலோ ஆட்டம் என்றால், மதியச் சாப்பாட்டோடு லொறி ஒன்றோ உழவு இயந்திரப் பெட்டியோ சந்தியில் வந்து நிற்கும். ஆட்டக்காரருக்கு முன்பக்கம், ரசிகருக்கு மிச்ச இடம். உப்புவெளி தாண்டும்வரை பாட்டு. நகரம் நெருங்க நெருங்கப் பேச்சுக் குறையும். தமிழ்ப் பொடியன்களோடு இக்பால் நகர் முஸ்லிம் பொடியன்களும் அதே பெட்டியில் ஏறினார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் தொழுகை முடிந்த பிறகுதான் வண்டி புறப்படும். மைதானத்தில் கச்சான் கொட்டையும் ஐஸ்பழமும் விற்பார்கள். இடைவேளையில் ஆட்டக்காரருக்குத் தோடம்பழமோ குளுக்கோஸ் கரைத்த தண்ணீரோ கொடுப்பார்கள். வென்றால் திரும்பி வரும்போது வண்டி ஊரின் எல்லா ஒழுங்கைகளுக்குள்ளும் போய்வரும். தோற்றால் சந்தியில் இறங்கி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் காலை தேநீர்க்கடையில் பிளேன்டீயோடு வழக்கு எடுக்கப்படும்.

அந்த வழக்குகளில்தான் ரசிகரின் வாழ்க்கை இருந்தது. குற்றச்சாட்டுகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறவில்லை. நடுவர் கோட்டுக்கு வெளியே நடந்த தவறுக்குத் தண்ட உதை கொடுத்தார். எதிரணி, பதிவில் இல்லாத வெளியூர்க்காரரை இறக்கியது. கொடுத்த முறைப்பாட்டை யாரும் விசாரிக்கவில்லை. அரையிறுதி திடீரென வேறு நாளுக்கு மாறியதால் அணியின் பாதிப்பேர் வேலையில் மாட்டிக்கொண்டார்கள். சுற்றுப்போட்டி காலிறுதியோடு நின்றுபோய்க் கிண்ணம் அலுமாரியிலேயே தங்கிவிட்டது. இவற்றுக்கு மேலே நெஞ்சில் நின்ற வலி, சமநிலை தவிர்ப்பு உதைகளில் வரும் தோல்வி. தொண்ணூறு நிமிடமும் ஓடி ஓடித் தாங்கிய அணி, ஒரு பொடியனின் ஒரு உதையில் வெளியேறும். அந்தப் பொடியனை ஊர் வையாது. ஆனால் அவன் சில நாட்கள் சந்திப் பக்கம் வரமாட்டான். கடைசியில் ஒரு பெரியவர் அவன் வீட்டுக்கே போய், “அடுத்த முறை பாப்பம், பின்னேரம் மைதானத்துக்கு வா” என்று கூப்பிட்டுக்கொண்டு வருவார். தோல்வியை முடித்துவைக்கும் சடங்காகவே இந்த அழைப்பு இருந்தது.

இந்த ஒழுங்கைப் போர் குலைத்தது. 1983க்குப் பிறகு மாலை நேரம் பாதுகாப்பான நேரமாக இல்லை. 1985இல் மாவட்டம் முழுவதும் வன்முறை பரவியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது ஊர்கள் வெறிச்சோடின. திருகோணமலைக் கரையோரக் குடும்பங்கள் பல வள்ளங்களில் தமிழகம் போய், மண்டபம் முகாம் வழியாகத் தொலைவிலுள்ள முகாம்களில் குடியேறின. வேறு பலர் உள்ளூரிலேயே நலன்புரி நிலையங்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். ஒரே அணியில் ஆடிய பதினொருவர் பல திசைகளில் சிதறினார்கள். சிலர் திரும்பி வரவேயில்லை. தங்கியவர்களுக்கு நகரத்துக்குப் போவதே சோதனைச்சாவடிகளில் இறங்கி நடந்து, அடையாள அட்டை காட்டி, ஏறி, மறுபடி இறங்கும் பயணமாயிற்று. மாலை ஆட்டம் முடிந்து இருட்டுமுன் வீடு சேர முடியாது என்பதால் ஆட்டங்களை வெயிலிலேயே வைத்து, இடைவேளையைச் சுருக்கி, சில நாள் இரண்டாம் பாதியைப் பாதியில் நிறுத்தி முடித்தார்கள்.

அந்த ஆண்டுகளில் உதைபந்து வானொலியிலும் பற்றறியில் ஓடிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியிலும் உயிரோடு இருந்தது. உலகக் கிண்ணக் காலத்தில் பற்றறிக்கு ஆளுக்குக் கொஞ்சம் காசு சேர்த்து, ஒரு வீட்டு முற்றத்தில் ஊரே கூடி ஆர்ஜென்ரீனாவுக்கும் பிரேசிலுக்கும் பிரிந்து நின்றது. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 1-0 என்று இந்தியாவை வென்றது. நாட்டின் உதைபந்து வரலாற்றில் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று அது. போரின் நடுவே வாழ்ந்த கரையோர ரசிகருக்கோ அந்த மைதானம் வேறொரு நாட்டில் இருப்பதாகவே பட்டது. அப்போது ஊரில் நடுவரைத் திட்ட ஆட்டமே இல்லை. வழக்கு எடுக்கத் தேநீர்க்கடையும் நேரத்தோடு பூட்டப்பட்டது. பின்னாளில் மூத்த ரசிகர்கள் ஊரின் நல்ல ஆண்டுகளை நடுவரோடு சண்டைபிடிக்க முடிந்த ஆண்டுகள் என்றே அடையாளம் சொன்னார்கள்.

2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டோடு அப்படிப்பட்ட காலம் ஒன்று திரும்பி வந்தது. பாதை திறந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் அணிகள் வந்து போயின. மூடியிருந்த விடுதிகள் திறக்க, பொடியன்களுக்கு வேலையும் கையில் கொஞ்சம் காசும் கிடைத்தன. முதன்முறையாக அணி முழுவதும் பூட்ஸ் போட்டு, முதுகில் இலக்கம் அச்சிட்ட சட்டையோடு இறங்கியது. இரண்டு மூன்று பருவங்கள் அப்படிக் கழிந்தன.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி நாள். அன்று காலை ஆழிப்பேரலை நிலாவெளிக் கரையை அடித்துச் சென்றது. கரையோர வீடுகள், வாடிகள், வள்ளங்கள், விடுதிகள் அழிந்தன. கோல் கம்பங்கள் சாய்ந்து, மைதானங்களின் மேல் சேறும் வலைகளும் கிடந்தன. ஆட்டக்காரரையும் ரசிகரையும் இழந்த ஊர்களில் முதலில் எழுந்தவை கொட்டில்கள். அடுத்து எழுந்தவற்றில் கோல் கம்பங்களும் இருந்தன. பிள்ளைகளை மாலையில் கூட்டி வைத்திருக்க வேறு வழி தெரியாத பெரியவர்கள் பந்தைக் கொடுத்து விளையாட விட்டார்கள். அலைக்குப் பயந்து கரைக்கே போகாத பிள்ளைகள், கடல் பக்கம் போன பந்தை எடுக்கப் போய்த்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கடலோடு மறுபடி பழகினார்கள்.

அதற்குப் பிறகு ஊர்ச் சுற்றுப்போட்டிகளின் பெயர்களே மாறின. முன்பு வருடப்பிறப்பு, கோயில் திருவிழா, கழக ஆண்டுவிழா என்று வந்த கிண்ணங்களோடு ஞாபகார்த்தக் கிண்ணங்கள் சேர்ந்தன. இறந்துபோன ஆட்டக்காரர், பயிற்றுநர், ஆசிரியர், மகன் ஆகியோரின் பெயரில் குடும்பங்கள் கிண்ணம் கொடுக்கும் வழக்கம் வடக்கு கிழக்கு எங்கும் உண்டு. போரும் கடலும் எடுத்துக்கொண்டவர்களால் அது பெருகியது. ஆட்டம் தொடங்குமுன் அவரது படத்துக்கு மாலை போட்டு, விளக்கேற்றி, இரண்டு நிமிட மௌனம். பிறகு விசில். கிண்ணத்தை வாங்கும் அணித்தலைவர் அதைக் கொடுத்த தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த ஒரு கணத்தில் தோற்ற அணியின் ரசிகரும் கைதட்டுவார்கள்.

கிழக்கில் 2007இலும் நாடு முழுவதும் 2009இலும் போர் முடிந்தது. நிலாவெளியின் முகம் வேகமாக மாறியது. புறாமலைத் தீவின் பவளப்பாறைகளைப் பார்க்கவும் வெள்ளை மணலில் கிடக்கவும் பயணிகள் வந்தார்கள். மே முதல் செப்டெம்பர் வரை விடுதிகளில் வேலை நெருக்கடி. பழைய தலைமுறையின் பந்துக்காப்பாளர் வலையிலிருந்து ஓடிவந்தார் என்றால், இன்றையவர் விடுதியின் பின்னேர வேலைமுறையை மாற்றிக்கொண்டு ஓடிவருகிறார். ஆகவே மின்னொளி ஆட்டங்கள் வந்தன. வாடகை மின்பிறப்பாக்கி, கம்பங்களில் கட்டிய விளக்குகள், அணிக்கு ஏழு பேர் அல்லது ஒன்பது பேர், விடிய விடிய விலகல் முறைப் போட்டி. பெண்கள் வேலி ஓரத்தில் நின்று பார்த்த காலம் போய், கதிரை போட்டு முன்வரிசையில் இருந்து பார்க்கிறார்கள். ஆட்டத்தை ஒருவர் கைபேசியில் நேரலையாக விட, ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் உள்ள ஊர்க்காரர் வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபடி, “பந்தைத் தரையில வச்சு விளையாடு!” என்று எழுதுகிறார்கள். சட்டையும் பந்தும் கிண்ணமும் பெரும்பாலும் அவர்கள் அனுப்பும் பணத்தில் வாங்கப்படுகின்றன.

அதே வெளிநாடுதான் ரசிகரின் இன்றைய பெரிய ஏக்கத்துக்கும் காரணம். ஒரு பொடியன் பதினேழு வயதில் ஊரை மயக்குகிறான். இருபதில் மாவட்ட அணிக்கு ஆடுகிறான். இருபத்திரண்டில் கட்டாரிலோ துபாயிலோ வேலைக்குப் போய்விடுகிறான். குடும்பத்துக்கு வேறு வழியில்லை. உதைபந்து சோறு போடும் என்று அவனுக்கு உறுதி சொல்ல நாட்டில் யாரும் இல்லை. ஒவ்வொரு பருவத்திலும் அணியைப் புதிதாகக் கட்டவேண்டியிருக்கிறது. “அவன் மட்டும் நிண்டிருந்தா” என்ற வசனம் தேநீர்க்கடை வழக்குகளில் இப்போது நடுவரையும் முந்திவிட்டது.

திறமை ஏறிப்போக ஏணி இல்லாததே இதன் அடிப்படை. 2018இல் வடக்கு கிழக்கு பிரீமியர் லீக் தொடங்கியபோது, மாவட்டங்களின் பெயர் சொல்லும் அணிகளுக்குள் ‘ட்ரிங்கோ டைட்டன்ஸ்’ அணியும் இருந்தது. கிராமத்து ஆட்டக்காரர் ஏலத்தில் எடுக்கப்பட்டதும், ஆட்டங்கள் தொலைக்காட்சியில் வந்ததும் கரையோரத்தைக் குதூகலப்படுத்தின. ஆனால் ஆண்டுதோறும் தொடரும் வழக்கமாக அது ஊன்றவில்லை. 2021இல் தேசிய அளவில் சுப்பர் லீக் தொடங்கியது. அதில் ஆடிய பத்துக் கழகங்களில் வடக்கு கிழக்கைச் சேர்ந்தது ஒன்றுகூட இல்லை. கடற்படையின் ‘சீ ஹோக்ஸ்’ அணி அதில் இருந்தது. கடற்படையின் பெருந்தளம் திருகோணமலையில் இருக்கிறது. அந்தத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கழகம் எதற்கும் அந்த லீக்கில் இடம் இருக்கவில்லை. நாட்டுக்கு உதைபந்து வந்திறங்கிய துறைகளில் ஒன்றின் மக்கள் முதல்தர லீக்கைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்ப்பது நியாயமில்லை.

2022இன் தொடக்கத்தில் மாகாண அணிகளுக்கிடையே சுதந்திரக் கிண்ணம் நடந்தபோது கிழக்கு மாகாணத்தின் பெயரில் ஓர் அணி களமிறங்கியது. கிராமத்து ரசிகருக்குத் தன் மாகாணத்தின் பெயரைச் சட்டையில் பார்ப்பதே ஓர் ஆறுதல். அடுத்த ஆண்டு அந்த வாசலும் அடைபட்டது. நிர்வாகத்தில் வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டிப் பீஃபா 2023 ஜனவரியில் இலங்கையை இடைநிறுத்தியது. தடை ஆகஸ்ட் மாதம் நீங்கியது. கொழும்பு அலுவலகங்களில் நடந்த இழுபறியின் விலையை, சர்வதேச ஆட்டம் ஒன்றில் இறங்கும் கனவோடு பயிற்சி செய்த கிராமத்துப் பொடியன்களும் கட்டினார்கள்.

நம்பிக்கை வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2024 செப்டெம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் நுழைவதற்கான ஆட்டத்தில் இலங்கை, கம்போடியாவைச் சமநிலை தவிர்ப்பு உதைகளில் வென்றது. சுவீடனில் பிறந்த தமிழரான ஆதவன் ராஜமோகன் போன்ற புலம்பெயர்ந்தோர் பிள்ளைகள் தேசிய அணிக்கு ஆடத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாய்த்த பயிற்சிக்கூடமும் புல்தரையும் தங்கள் பிள்ளைகளுக்கும் வாய்த்தால் என்னவாகும் என்று நிலாவெளி ரசிகர் கேட்கிறார். கால் அதேதான், மூச்சும் அதேதான். வேறுபாடு தரையிலும் பயிற்றுநரிலும் இருக்கிறது.

ரசிகர் கேட்பவை பெரியவை அல்ல. பங்குனியில் தொடங்கி ஆவணியில் முடியும் ஒரு மாவட்ட லீக், அறிவித்த நாளில் அறிவித்த ஆட்டம் நடக்கும் ஒழுங்கோடு. பயிற்சி பெற்ற நடுவர்கள், விசாரிக்கப்படும் முறைப்பாடுகள். குச்சவெளிப் பிரதேசத்துக்கு ஒரு புல்தரையும் நிலையான மின்னொளியும், தொழிலுக்குப் போய்வருபவர் இரவில் ஆடுவதற்கு. பதினைந்து வயதுப் பிள்ளையைக் கவனித்துக் கொழும்புக் கழகங்களுக்கும் தேசியப் பயிற்சிக்கும் அனுப்பும் ஒரு நிரந்தரப் பயிற்றுநர். மாவட்ட வெற்றியாளருக்குத் தேசிய லீக்கின் கீழ்ப்படியிலாவது ஓர் இடம். வெளிநாட்டு ஊர்ச்சங்கங்கள் கிண்ணத்துக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கைப் பயிற்றுநரின் சம்பளத்துக்குக் கொடுத்தால், இவற்றில் ஒன்றிரண்டை அரசை எதிர்பாராமல் ஊரே தொடங்கலாம். சுண்ணாம்புக் கோடு போடும் சிறுவன் என்றாவது தேசியச் சட்டையைப் போடுவதற்கு இவ்வளவு போதும். அப்படி ஒருவன் வரும்வரை நிலாவெளி ரசிகர்கள் தங்கள் அணியைத் திட்டிக்கொண்டும், அடுத்த பருவத்துக்குக் காசு சேர்த்துக்கொண்டும் இருப்பார்கள்.